நெல் என்ற ஒரே சொல்

தமிழில் வயல் வராத நாவல் குறைவு. ஆனால் அந்த வயலில் என்ன பயிர் நிற்கிறது என்று கேட்டால் பெரும்பாலான நாவல்கள் தரும் பதில் ஒன்றே: நெல். சற்று வற்புறுத்திக் கேட்டால், 'பச்சைப் பசேலென்ற நெல்' என்று சொல்லும். இன்னும் வற்புறுத்தினால், காற்றில் அலையலையாக ஆடும் பச்சைப் பசேலென்ற நெல் என்று சொல்லிவிட்டு, கதாநாயகியை வரப்பில் நடக்கவிட்டுத் தப்பித்துக்கொள்ளும். அதற்கு மேல் அந்த நெல்லைப் பற்றி ஆசிரியருக்குச் சொல்லத் தோன்றுவதில்லை. வாசகருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை.

இது அற்ப விஷயம் என்று சிலர் நினைக்கலாம். நாவல் மனிதர்களைப் பற்றியது, பயிரைப் பற்றியது அல்ல என்பார்கள். நியாயமான பேச்சுத்தான். ஆனால் அதே நாவல்களில் காபி வருகிறபோது அது வெறும் காபியாக வருவதில்லை. கும்பகோணம் டிகிரி காபியாக வருகிறது. புடவை வருகிறபோது அது காஞ்சிபுரமா, சுங்குடியா, ஆரணியா என்று சொல்லப்படுகிறது. கதாநாயகன் ஏறும் காருக்குக்கூடப் பெயர் உண்டு. எழுதுகிறவனுக்கும் படிக்கிறவருக்கும் எந்தப் பொருளோடு உறவு இருக்கிறதோ, அந்தப் பொருளுக்குப் பெயர் இருக்கிறது. உறவு அற்றுப்போன பொருள் பொதுப்பெயருக்கு இறங்கிவிடுகிறது. நெல் நம்மிடம் அப்படி இறங்கிவிட்டது. மூன்று வேளையும் அதைத் தின்கிற ஜனங்களின் இலக்கியத்தில் அது பொதுப்பெயராகிவிட்டது என்பது, விமர்சகன் கவனிக்கவேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம்முடைய மரபு இப்படி இருந்ததில்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். பிற்காலத்துப் பள்ளு நூல்களில் நெல் வகைகளின் பெயர் வரிசை ஒரு கட்டாய அங்கம். முக்கூடற்பள்ளில் நெல்லுக்கும் மாட்டுக்கும் மீனுக்கும் தனித்தனி வரிசைகள் உண்டு. புலவர் வகுப்பில் அவற்றை, 'இதெல்லாம் வெறும் பட்டியல், கவிதை இல்லை' என்று தள்ளிவிட்டு மேலே போவது வழக்கம். எனக்கும் பட்டியலைக் கவிதை என்று வாதாட ஆசையில்லை. ஆனால் பட்டியலைக் கேட்டுக்கொண்டிருந்த ஜனங்களை நினைத்துப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு பெயரும் வருகிறபோது அவர்களில் ஒருவன், 'அது நம் மேட்டுக்கொல்லையில் விளைவது' என்று பக்கத்திலிருப்பவனைப் பார்த்துத் தலையை ஆட்டியிருப்பான். பட்டியலைக் கவிதையாக்கியது கேட்டவனுடைய அறிவு. அந்த அறிவு போன பிறகு பட்டியல் பட்டியலாகிவிட்டது. குற்றம் புலவன் மேல் இல்லை.

செங்கல்பட்டுச் சீமையை எடுத்துக்கொள்வோம். காவேரி போன்ற பெரிய ஆறு அதற்கு இல்லை. பாலாறு பெயருக்குத்தான் ஆறு. வருஷத்தில் பெரும்பகுதி மணல். அந்த நாட்டைக் காப்பாற்றியவை ஏரிகள். மதுராந்தகம், செம்பரம்பாக்கம் போன்ற பேரேரிகள். ஊருக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கில் சிற்றேரிகள். ஏரிப் பாசனத்தில் நிலம் ஒரே மாதிரி இருக்காது. மதகுக்குப் பக்கத்து நிலம் ஒன்று. கடைமடை மேட்டு நிலம் ஒன்று. நீர் வற்றியபின் பயிர் வைக்கும் ஏரி உள்வாய் ஒன்று. மாமல்லபுரம் பக்கம் கடலை ஒட்டி உவர் ஏறிய நிலம் ஒன்று. மழையை மட்டும் நம்பிப் புழுதியில் விதைக்கும் மானாவாரியும் உண்டு. பருவமும் அப்படியே. சம்பா, நவரை என்பவற்றோடு சொர்ணவாரி என்ற பருவம் இந்தப் பகுதிக்கே உரிய பெயர்: சித்திரையை ஒட்டி விதைத்து ஆடி ஆவணியில் அறுப்பது.

இத்தனை விதமான நிலத்துக்கும் பருவத்துக்கும் ஒரே நெல் எப்படிப் பொருந்தும்? பொருந்தாது என்று கண்டுகொண்ட குடியானவன், பல தலைமுறைகளாகப் பொறுக்கிப் பொறுக்கி வைத்த விதைகளே சம்பா மோசனம், நீலஞ் சம்பா, வாடன் சம்பா, பூங்கார், குள்ளக்கார், கருங்குறுவை என்ற பெயர்களெல்லாம். சம்பா மோசனமும் நீலஞ் சம்பாவும் தண்ணீர் தேங்கும் ஏரிப் பகுதிக்கு. தண்ணீர் ஏற ஏறத் தாங்கி நிற்கும். பூங்கார் குறுகிய காலத்தில் வரும். வறட்சியையும் ஓரளவு வெள்ளத்தையும் பொறுக்கும். காட்டுயானம் ஆளுயரத்துக்கு மேல் வளரும். யானை புகுந்தால் மறைந்துவிடும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். பெயர் ஒவ்வொன்றும் ஒரு யோசனை. இன்ன நிலத்தில், இன்ன மழைக்கு, இத்தனை நாளில், இத்தனை வைக்கோலோடு என்ற ஒரு முழு ஏற்பாடு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் போகும் சாலையில் இப்போது நிலத்தைவிட நிலத்தை விற்கும் விளம்பரப் பலகைகள் அதிகம். கற்களை நட்டுச் சதுரம் சதுரமாகப் பிரித்த மனைகளுக்கு நடுவே இன்னும் சில வயல்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு வயலோரத்தில் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். என்ன நெல் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஏதோ ஓர் எழுத்தையும் எண்ணையும் சொன்னார்.

"முன்னெல்லாம் என்ன போடுவீங்க, பெரியவரே?"

"மேட்டுக்கு ஒண்ணு, பள்ளத்துக்கு ஒண்ணு, ஏரி உள்வாய்க்கு ஒண்ணுன்னு வெதை வச்சிருப்போம், ஐயா. இப்ப கடைக்காரர் குடுக்கிறதுதான் வெதை."

"அந்தப் பேரெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"பேரு இருக்குதுங்க. வெதைதான் இல்லை. என் பேரனுக்கு அந்தப் பேரும் இல்லை."

விதை போய்ப் பெயர் மிஞ்சியது ஒரு தலைமுறை. பெயரும் போனது அடுத்த தலைமுறை. பெயர்களைக் காப்பாற்றுவது நெல் நிபுணனின் வேலை அல்ல; எழுதுகிறவனின் வேலை. அதை நாம் செய்யவில்லை என்பதுதான் என் புகார். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. கரிசல்காட்டு ஜனங்களின் சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்து அகராதியே போட்டவர் கி. ராஜநாராயணன். அவருடைய பக்கங்களில் மண்ணுக்கும் பயிருக்கும் பேர் உண்டு. அப்படி ஒருவர் தொண்டை மண்டலத்து ஏரிகளுக்குப் போதுமான அளவில் வாய்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பழைய விதைகள் போனதற்குப் புதிய விதைகளைத் திட்டித் தீர்ப்பது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. 1965-லும் 1966-லும் இந்தியாவில் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்து நாடு உட்கார்ந்திருந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்பது தமிழ்நாட்டில் மேடைப் பேச்சாயிற்று. அந்த நிலைமையில் பிலிப்பைன்ஸ் தேசத்துச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் வெளியிட்ட ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல் வந்தது. உரம் போட்டால் சாயாமல் நின்று, பழைய நெல்லைவிடப் பல மடங்கு விளைந்தது. வயிறு காய்ந்தவனுக்கு அது வரப்பிரசாதம். க்யூவில் நின்று அரிசி வாங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், வயிறு நிறைந்த பிறகு, அதை ஏளனம் செய்வது அழகல்ல.

ஆனால் அந்தப் புதுநெல் எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டும். ஆகாயத்திலிருந்து வரவில்லை. ஐ.ஆர். 8-ன் குட்டைத்தனம் தைவான் தேசத்துப் பழைய நெல் ஒன்றிலிருந்து வந்தது; அதன் மற்ற வழி இந்தோனேசியாவைச் சேர்ந்த பேட்டா. ஐ.ஆர். 8 விளைந்தது உண்மை. பூச்சியும் நோயும் அதைப் பிடித்ததும் உண்மை. அதற்குப் பரிகாரம் தேடியபோது நிபுணர்கள் எங்கே வந்தார்கள் தெரியுமா? நம்முடைய பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கு.

திருவள்ளூருக்குப் பக்கத்தில் திரூர் என்ற ஊர். 1997-ல் ஜில்லா இரண்டாகப் பிரிக்கப்படும்வரை அதுவும் செங்கல்பட்டைச் சேர்ந்ததுதான். திரூர்க்குப்பத்து நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1950-களின் தொடக்கத்தில் உருவான ஒரு நெல்லுக்கு டி.கே.எம். 6 என்று பெயர். திரூர்க்குப்பம் என்பதன் ஆங்கில எழுத்துக்களே அந்த டி.கே.எம். அதன் பெற்றோரில் ஒன்று ஜி.இ.பி. 24. கோணாமணி என்ற பழைய நாட்டு நெல்லில் தற்செயலாகத் தோன்றிய ஒரு மாறுதலைக் கோயம்புத்தூரில் கண்டெடுத்து 1921-ல் வெளியிட்டார்கள். கிச்சிலிச் சம்பா என்று நம் பாட்டிமார் ஆசையோடு சொன்ன சன்ன அரிசி அதுதான். டி.கே.எம். 6-க்குத் தண்டுத் துளைப்பானை ஓரளவு எதிர்த்து நிற்கும் குணம் இருந்தது. பிலிப்பைன்ஸ் நிபுணர்கள் அதைத் தங்கள் குட்டை நெல்லோடு சேர்த்து 1969-ல் ஐ.ஆர். 20 என்ற ரகத்தை வெளியிட்டார்கள். அது தமிழ்நாட்டுக்குத் திரும்பிவந்து, சம்பாப் பருவத்தில் வயல் வயலாகப் பரவியது. 1970-களில் நம் வீடுகளில் உலையில் போட்ட அரிசியில் எத்தனையோ மூட்டை ஐ.ஆர். 20. வெளிநாட்டு நெல் என்று நாம் நினைத்தது, கடல் கடந்து படித்துவிட்டு வந்த நம் ஊர்ப் பெண்ணின் பிள்ளை.

இந்தக் கதையை நான் இன்னும் எந்தத் தமிழ் நாவலிலும் பார்க்கவில்லை. பிறந்த வீட்டை விட்டுப் போனவள், அயலூரில் வாழ்ந்து, பேர் மாறிப் பிள்ளையோடு திரும்பிவருகிறாள். பிறந்த வீட்டார் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. இதைவிட நல்ல கதைக்கரு வேண்டுமா? ஐ.ஆர். 36 என்று 1976-ல் வந்த இன்னொரு நெல்லின் வம்சாவளியிலும் டி.கே.எம். 6 இருக்கிறது. அதைத் தவிர இன்னொரு விருந்தாளியும் இருக்கிறது. அதைச் சொன்னால்தான் விஷயத்தின் முழு அளவு தெரியும்.

1970-களில் ஆசிய நாடுகளின் வயல்களில், பயிரைப் புல்போலக் குறுகச் செய்யும் ஒரு வைரஸ் நோய் பரவியது. புதிய ரகங்கள் எதுவும் அதற்குத் தாக்குப்பிடிக்கவில்லை. கைவசமிருந்த விதைகளில் 6,000-க்கும் மேற்பட்டவற்றைப் பரிசோதித்தார்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து எடுத்துவைத்த ஒரே ஒரு காட்டு நெல்லில்தான் எதிர்ப்பு இருந்தது. தாவர சாஸ்திரிகள் அதற்கு வைத்த பெயரில் நீவாரம் என்ற பழைய சம்ஸ்கிருதச் சொல் இருக்கிறது. காட்டில் தானே விளைந்து முனிவர்களுக்கு உணவானதாகப் புராணங்கள் சொல்லும் தானியம் நீவாரம். அந்தக் காட்டு நெல் விளைச்சலில் ஒன்றுக்கும் உதவாதது, மணி உதிர்ந்துவிடும், எந்தக் குடியானவனும் அதைக் களை என்று பிடுங்கி எறிவான். அதன் ரத்தம் கலந்த ஐ.ஆர். 36 கோடிக்கணக்கான ஏக்கரில் பயிராகி ஜனங்களுக்குச் சோறு போட்டது. யாரோ ஒருவர் ஒரு பிடி விதையை எடுத்து உறையில் போட்டு எண் எழுதி வைத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வெள்ளத்தின் கதையும் இதே மாதிரிதான். ஒரிஸாவின் பழைய நெல் ஒன்று இரண்டு வாரம் தண்ணீருக்கடியில் கிடந்தும் பிழைக்கும். அந்தக் குணத்துக்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்து, ஸ்வர்ணா என்ற பிரபல ரகத்தில் ஏற்றி, 2009-ல் இந்தியாவில் வெளியிட்டார்கள். நம் ஊரில் சி.ஆர். 1009 ரகத்துக்கும் அதை ஏற்றியிருக்கிறார்கள். உவர் நிலத்துக்கு வேண்டிய குணத்தைக் கேரளத்துப் பொக்காளி நெல் தந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி நாகப்பட்டினத்து வயல்களில் உப்பு ஏறியபோது, குழியடிச்சான் முதலிய பழைய நெல்களைத் தேடிக்கொண்டு போனார்கள். தேடியபோது கிடைத்தது, யாரோ சிலர் பிடிவாதமாக அதைப் பயிரிட்டுக்கொண்டிருந்ததால்தான்.

மரபணு வளம் என்று நிபுணர்கள் சொல்வதன் சாரம் இவ்வளவே. நாளைக்கு எந்த நோய் வரும், எந்த வெள்ளம் வரும் என்று நமக்குத் தெரியாது. தெரியாத கஷ்டத்துக்குத் தெரிந்த மருந்து வைத்திருக்க முடியாது. பலவிதமான விதைகளை வைத்திருக்கத்தான் முடியும். ஒரே விதையை நம்பியவன் கதி என்ன என்பதற்கு அயர்லாந்து சாட்சி. 1845-ல் தொடங்கி அந்நாட்டு ஏழைகள் நம்பியிருந்த உருளைக்கிழங்கை நோய் பிடித்தது. பெரும்பாலும் ஒரே ரகம். பத்து லட்சம் பேர் மாண்டார்கள்.

இதற்கு நேர் எதிரான சாட்சி லெனின்கிராட். ரஷ்ய விஞ்ஞானி வவிலோவ் உலகமெல்லாம் சுற்றிச் சேர்த்த விதைகள் அந்த நகரத்தில் இருந்தன. 1941-ல் ஜெர்மானியர் நகரைச் சூழ்ந்துகொண்டார்கள்; பஞ்சம் வந்தது. விதைக் களஞ்சியத்தில் வேலை பார்த்தவர்களில் பலர் பட்டினியால் இறந்தார்கள். இவானோவ் என்ற நெல் நிபுணர் அரிசி மூட்டைகளுக்கு நடுவிலேயே உயிரை விட்டார். விதையைத் தொடவில்லை. வவிலோவோ, தம்முடைய அரசாங்கத்தாலேயே சிறையிலிடப்பட்டு, 1943-ல் அங்கேயே செத்தார். இதை ஒரு நாவலில் எழுதினால், 'இது நடக்கிற காரியமா?' என்று நம் விமர்சகர்கள் கேட்பார்கள். நடந்தது.

இனி மாமல்லபுரத்துக்கு வருவோம். கல்கியின் 'சிவகாமியின் சபத'த்தைப் படித்துவிட்டு அங்கே போகிறவர்கள் கல்லைப் பார்க்கிறார்கள். சிற்பியை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் ஐந்து ரதங்களைப் பார்க்கிறபோது எனக்கு வேறொரு எண்ணம் தோன்றும். அவற்றில் பெரும்பாலும் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. திரௌபதி ரதம் என்பது கூரை வேய்ந்த குடிசை. பீமரதம் வண்டிக்கூண்டுபோல் வளைந்த முகடு கொண்ட நீண்ட சாலை. தர்மராஜ ரதம் அடுக்கடுக்காக உயரும் விமானம். அர்ஜுன ரதம் அதன் சிறு வடிவம். நகுல சகதேவ ரதம், யானை படுத்திருப்பதுபோல் பின்புறம் வளைந்த தூங்கானை மாடம். மரத்திலும் செங்கல்லிலும் ஓலையிலும் அக்காலத்தில் வழங்கிய கட்டட வகைகளை, ஏழாம் நூற்றாண்டில், ஒரே பாறைத் தொடரில் மாதிரிக்கு ஒவ்வொன்றாகச் செதுக்கி வைத்ததுபோல் இருக்கிறது. மரம் உளுத்துப்போயிற்று, ஓலை மக்கிப்போயிற்று, கல் நின்றுவிட்டது. பல்லவச் சிற்பியின் நோக்கம் எதுவாக இருந்தாலும், அவன் நமக்கு விட்டுப்போனது ஒரு விதைக் களஞ்சியம். தொண்டை மண்டலத்துக் கோயில்களில் தூங்கானை விமானம் தழைத்ததைப் பார்த்தால், அந்த விதை முளைத்ததென்றே சொல்லவேண்டும்.

ஆனால் கல்லுக்கும் நெல்லுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அதில்தான் விஷயம் இருக்கிறது. கல்லை விட்டுவிட்டுப் போகலாம். ஆயிரத்து முந்நூறு வருஷம் கழித்து வந்து பார்த்துக்கொள்ளலாம். நெல்லை அப்படி விட்டுவிட முடியாது. நம் கடற்கரையின் புழுக்கத்தில் ஒரு மூட்டை விதை நெல் இரண்டொரு வருஷத்தில் முளைக்கும் சக்தியை இழந்துவிடும். அதை வருஷா வருஷம் யாராவது விதைக்கவேண்டும், அறுக்கவேண்டும், கலப்பு நீக்கிப் பொறுக்கவேண்டும். அல்லது உறைபனிக் குளிரில் பூட்டிவைக்கவேண்டும். பிலிப்பைன்ஸ் நிலையத்தில் 1,30,000-க்கு மேற்பட்ட நெல் விதைகள் அப்படிப் பூட்டி இருக்கின்றன. நார்வே தேசத்தின் வடகோடியில் ஸ்வால்பார்டு தீவில் 2008-ல் மலையைக் குடைந்து ஓர் அறை திறந்தார்கள். டில்லியில் 1976-லிருந்து தேசியத் தாவர மரபு வளச் செயலகம் இருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நெல் மேதை ராமையாவின் பெயரால் ஒரு மரபணுக் களஞ்சியம் உண்டு.

குளிர் அறை வேண்டும், சந்தேகமே இல்லை. அது இல்லாவிட்டால் நீவாரக் கதையே நடந்திருக்காது. ஆனால் குளிரில் கிடக்கும் விதை, வைத்த நாளில் என்ன தெரிந்துகொண்டிருந்ததோ அதோடு நின்றுவிடுகிறது. வயலில் நிற்கும் விதை ஒவ்வொரு வருஷமும் புதிய மழையையும் புதிய பூச்சியையும் சந்திக்கிறது, தாங்கியது மிஞ்சுகிறது. தவிரவும், குளிர் அறை விதையை வைத்துக்கொள்ளும். எந்த வயலில் எப்போது விதைப்பது, எந்தச் சோற்றைப் பழையதுக்கு வைப்பது, எதை அவலுக்கு இடிப்பது என்பதை வைத்துக்கொள்ளாது. அந்த அறிவுக்குக் களஞ்சியம் ஜனங்களின் வாய்தான். இரண்டும் வேண்டும். அகராதியும் வேண்டும், பேசுகிற வாயும் வேண்டும் என்பதுபோல.

வயலில் காப்பாற்றியவர்களும் இருக்கிறார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஜெயராமன், நம்மாழ்வாரின் தூண்டுதலால் 170-க்கு மேற்பட்ட நெல் வகைகளைத் தேடிச் சேர்த்தார். நெல் ஜெயராமன் என்றே பெயர் பெற்றார். வருகிறவர்களுக்கு இரண்டு கிலோ விதை கொடுப்பார். அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். வட்டியில் இவ்வளவு தர்மமான வட்டியை நான் கேள்விப்பட்டதில்லை. 2018 டிசம்பரில் அவர் காலமானார். நம் பகுதியில், பழைய காஞ்சிபுரம் ஜில்லாவில், சுக்கன்கொல்லை கிராமத்துப் பண்ணையில், இந்திய அறிவுமுறைகள் மையத்தார் பழைய நெல்களைப் பயிரிட்டு விதை காத்து வருகிறார்கள். சத்தமில்லாமல் நடக்கும் காரியம்.

சத்தத்தோடு நடப்பதும் ஒன்று இருக்கிறது. இப்போது பட்டணத்துக் கடைகளில் பாரம்பரிய அரிசி அழகான பைகளில் விற்கிறது. இன்ன சம்பா சர்க்கரை வியாதியைப் போக்கும், இன்ன குறுவை சகல ரோகத்தையும் தீர்க்கும் என்று எழுதியிருக்கிறார்கள். பழைய காலத்து மருந்து விளம்பரங்களின் தொனி. நெல்லுக்கு வேண்டியது இந்த மாதிரிப் புகழ் இல்லை. அற்புதம் நிகழ்த்தும் என்று வாங்கியவன், அற்புதம் நிகழாதபோது விட்டுவிடுவான். தவிர, பழைய நெல்லில் குறை இல்லையா? பல ரகங்கள் உரத்துக்குச் சாய்ந்துவிடும், விளைச்சல் குறைவு, நாள் அதிகம். கடன் வாங்கிப் பயிர் வைக்கும் குடியானவனிடம் போய், 'தேசத்தின் மரபுவளத்தைக் காப்பாற்று' என்று உபதேசம் செய்வது எளிது. அவன் இழக்கிற நாலு மூட்டைக்கு யார் பதில் சொல்வது? 2001-ல் இயற்றிய பயிர் ரகச் சட்டம் விதையைக் காத்த விவசாயிக்கும் உரிமையும் வெகுமதியும் உண்டென்று ஒப்புக்கொள்கிறது. சட்டம் ஒப்புக்கொண்டதைச் சந்தை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அரிசியை வாங்குகிறவர்கள் நாம். ஆகவே பாதிப் பொறுப்பு நம்முடையது.

இதில் கதை எழுதுகிறவன் என்ன செய்யமுடியும்? பிரசாரக் கதை எழுதவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நெல்லின் பெருமையை மூன்று பக்கம் பேசும் ஒரு கிழவரைக் கதையில் கொண்டுவந்து நிறுத்தினால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். அவர் செய்வது சரி. பள்ளுக் காலத்துப் பட்டியலையும் நாவலில் வைக்கமுடியாது. பெயர் கதையில் வேலை செய்யவேண்டும், அவ்வளவுதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மதுராந்தகம் பக்கத்தில் ஒரு சிற்றேரி. அதன் கரையோரத்துப் பள்ளத்தில் இரண்டு சகோதரர்களுக்கு அடுத்தடுத்த நிலம். தை மாதத்தில் மூத்தவன் மகளுக்குக் கல்யாணம். சீக்கிரம் பணம் வேண்டுமென்று அவன் குட்டை நெல் போடுகிறான். தம்பி, அப்பா வைத்துவிட்டுப் போன சம்பா மோசனத்தைப் பிடிவாதமாகப் போடுகிறான். அண்ணன் மனைவி சிரிக்கிறாள். கார்த்திகையில் புயல் வந்து ஏரி நிரம்பிப் பள்ளத்தில் ஒரு வாரம் தண்ணீர் நிற்கிறது. மூத்தவன் பயிர் மூழ்குகிறது. தம்பியின் நெல் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கல்யாணச் செலவுக்கு யார் வீட்டு வாசலில் யார் போய் நிற்பது? அண்ணி என்ன சொல்வாள்? மறு வருஷம் மழை பொய்த்து, தம்பி தோற்று, அண்ணன் ஜெயித்தால்? இந்தக் கதையில் நெல்லின் பெயரை எடுத்துவிட்டு 'பச்சைப் பசேலென்ற நெல்' என்று போட்டுப் பாருங்கள். கதையே இல்லை. எந்த விதை என்பதில்தான் மானம், கடன், பந்தம், வைராக்கியம் எல்லாம் அடங்கியிருக்கிறது.

வாழ்க்கையில் பல ஆயிரம் குடும்பங்களில் நடந்த நாடகம் இது. நாம் அதை எழுதாமல் விட்டதற்குக் காரணம் அது சுவையற்றது என்பதல்ல. அந்த வயலின் சொற்கள் நம்மிடம் இல்லை என்பதே. சொற்கள் இல்லாத இடத்தில் பச்சை நிறத்தைப் பூசி மூடிவிட்டோம்.

நாவல் வாசகர்களுக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். அடுத்த முறை ஒரு நாவலில் வயல் வந்தால், அது என்ன நெல் என்று ஆசிரியருக்கு ஒரு கார்டு போட்டுக் கேளுங்கள். அரிசிக் கடைக்காரரிடமும் கேளுங்கள். 'சன்னமா, மோட்டாவா, பழசா, புதுசா' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் விசாரித்து வைப்பார். நூறு பேர் கேட்டால் மண்டிக்காரர் கேட்பார். அவர் கேட்டால், திருக்கழுக்குன்றத்துச் சாலையோரத்தில் யாராவது ஒருவர் கால் காணியிலாவது அந்த விதையைப் போட்டுப் பார்ப்பார். அந்தப் பெரியவரின் பேரனாகவும் இருக்கலாம். பெயரைச் சொல்லிக் கேட்கிறவர்கள் இருந்தால், பொருள் அவ்வளவு எளிதில் உலகத்தை விட்டுப் போகாது.